பின்சீட்டுக்காரி

சீட்டக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது என்பதே ஊரில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. பேருந்து சீட், லாரி சீட், பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, தியேட்டரில் கிழிந்த வரிசைகள் என்று, மனிதன் உட்காருவதற்காகச் செய்துகொண்ட எது நைந்தாலும் அவளிடம்தான் வந்து சேரும். இருபத்திரண்டு வருடமாகப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள். உட்கார்ந்த இடத்தில் மனிதர்கள் என்னென்ன விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டர்களுக்குக்கூடத் தெரியாது. வாந்தி, மூத்திரம், குழந்தை கக்கிய பால், பஞ்சுக்குள் செத்து ஊறிய எலிக்குஞ்சுகள், எல்லாவற்றையும் வெறுங்கையால் வாரிப் போட்டுவிட்டு, சோப்பு போட்டுக் கழுவி, அதே கையால் உட்கார்ந்து சாப்பிடுவாள். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

டீச்சர் வீட்டு வண்டியைப் பிரித்த நாள்வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

டீச்சர் என்றால் கணக்கு டீச்சர், ஓய்வுபெற்றவர். லேத்துப் பட்டறை வைத்திருந்த கணவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள் நர்ஸ். அவளுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். அப்பா தன் கையால் கட்டிய மூன்று சக்கர வண்டியில்தான் அன்றைக்குப் புருஷனோடு போவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். மெக்கானிக் வந்து எஞ்சினைச் சரிசெய்து, முந்தின நாளே உறும வைத்துவிட்டுப் போயிருந்தான். பின்சீட்டை மட்டும் புதுசாக்கித் தந்தால் போதும் என்று டீச்சர் போனில் சொல்லியிருந்தார்.

மழை விட்ட ஒரு முற்பகலில் சீட்டக்கா ஸ்கூட்டரில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு போனாள். தெருவின் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கதவைத் தள்ளியதும் எண்ணெய் வாடை, துரு வாடை, ஈர மண் வாடை. அதெல்லாம் எந்தக் கொட்டகையிலும் இருப்பதுதான். அதற்கெல்லாம் அடியில், வெகு நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர் மாதிரி, லேசாக இன்னொன்றும் இருந்தது.

டீச்சர் தார்ப்பாயை இழுத்து விலக்கினார்.

முன்பாதி மோட்டார் சைக்கிள். பெரிய ஒற்றை விளக்கு, மாட்டுக் கொம்பு மாதிரி அகலமான ஹேண்டில்பார், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன முன்சீட். அதற்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே வேறொருவருடைய உடம்பை ஒட்டவைத்ததுபோல ஒரு காரின் பின்பாதி. பின்னால் எஞ்சின் வைத்த அந்தக் காலத்துச் சின்னக் கார் அது. அதன் எஞ்சின், அதன் அச்சு, அதன் இரண்டு சக்கரம், உருண்டையான அதன் மட்கார்டுகள், இரண்டு சிவப்பு விளக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் காரின் பின்சீட், கைவைத்துக்கொள்ளும் திண்டுகளோடு முழுசாக.

வேலைப்பாட்டைப் பார்த்துச் சீட்டக்காவுக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது. எங்கே கார் முடிகிறது, எங்கே மோட்டார் சைக்கிள் ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பே அவர் இதைக் கட்டிவிட்டார் என்றார் டீச்சர். முப்பத்தோரு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஏரிக்கரை வரைக்கும் போய் வருவார்களாம். மகள் குழந்தையாக இருந்தபோது முன்னால் டேங்கின் மேல் வைத்துக்கொள்வார், பின்சீட்டில் விடமாட்டார். அது டீச்சருக்கு மட்டும். அதிலும் இடது பக்கம்தான் உட்காரச் சொல்வார். வலது பக்கம் தள்ளி உட்கார்ந்தால் வண்டியையே நிறுத்திவிடுவாராம்.

"வண்டி எடை சரியா இருக்கணும்னு சொல்லுவாரு. நான் கணக்கு டீச்சர், எனக்கே எடைக்கணக்கு சொல்லித் தருவாரு" என்று டீச்சர் சிரித்தார். சிரித்தபடியே முதுகைச் சொறிந்துகொண்டார். அது பழைய படை, முதுகிலும் தொடையிலும் வருடக்கணக்காக இருந்தது, எத்தனையோ களிம்பு போட்டும் கேட்காமல், இப்போதுதான் ஒரு ஆறு மாதமாக அடங்கியிருக்கிறது என்றும் அவராகவே சொன்னார்.

சீட்டைக் கழற்றி எடுத்துப்போகலாம் என்று குனிந்து பார்த்த சீட்டக்காவுக்கு ஆச்சரியம். எந்த சீட்டும் நாலு போல்ட்டில்தான் நிற்கும். இதைச் சுற்றிலும் வெல்டு வைத்திருந்தது, தண்ணீர்த் தொட்டிக்கு அடிப்பக்கம் அடைப்பதுபோல. கழற்றவே கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. பாலத்தடியில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர்தான் அவருக்குக் கூட நின்று செய்தவர் என்றார் டீச்சர்.

அங்கேயே பிரிப்பதென்று முடிவாயிற்று. டீச்சர் டீ போட உள்ளே போனார். மகள் இரவு வேலை முடித்து வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேலே இருந்தது கறுப்பு ரெக்சின். தையல் கைத்தையல். தைக்கத் தெரியாதவர் தைத்தது, ஆனால் இழுத்து இழுத்து, நெருக்க நெருக்கமாக, கிழிந்த தோலை மூடித் தைப்பதுபோல. அதை வெட்டி உரித்தாள். கீழே இன்னொரு உறை, மரூன் நிறம். அதையும் உரித்தாள். கீழே பச்சை. பழையதைக் களையாமலே மேலே மேலே போட்டுத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர். நாலாவது உறையை உரிக்கும்போது வாடை ஏறியது. ஐந்தாவதின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

ஈரம் என்றால் தண்ணீர் ஈரம் இல்லை. பிசுக்கு. விரலைத் தேய்த்தால் வழுக்கியது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். இடது பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. ஒரே ஆள் வருடக்கணக்காக உட்கார்ந்தால் அப்படி ஆவது சகஜம். ஆனால் உட்கார உட்கார மேல் உறைகளில்தான் பள்ளம் ஆழமாக வேண்டும். இங்கே கீழே போகப் போக ஆழம் கூடிக்கொண்டே போனது. டீச்சர் உட்கார்வதற்கு முன்பே யாரோ அங்கே வெகு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆறாவது உறை காரோடு வந்த பழைய துணி உறை. ஒரு காலத்தில் சாம்பல் நிறமாக இருந்திருக்கும். இப்போது வலது பக்கம் சாம்பல். இடது பக்கம் பழுப்பு.

பழுப்புக்கு உருவம் இருந்தது.

சாய்மானத்தில் ஒரு முதுகு. தலை சாய்ந்த இடத்தில் ஒரு வட்டம். கீழே அகன்ற இரண்டு தொடைகள், ஒன்றோடொன்று ஒட்டி, முழங்காலில் முடிந்தன. கைத்திண்டில் மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை.

சீட்டக்கா கத்தியை எடுத்துத் தொடைக்கு நடுவில் ஒரு கீறல் போட்டாள். பழக்கதோஷம், வேறொன்றும் இல்லை. கை தன் வேலையைச் செய்தது. கீறலின் இரண்டு பக்கமும் உதடு மாதிரி விரிந்து, உள்ளேயிருந்து வெளுப்பாக ஏதோ பிதுங்கியது. சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்கி, கரைந்து குழைந்த சோப்பு எப்படி இருக்கும், அப்படி. அதில் நாராக ஏதோ கலந்திருந்தது. தென்னை நார் என்று நினைத்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம், அதற்கும் மேல். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் சுற்றிக்கொண்டு, கறுப்பாக, நுனியில் சின்ன வெள்ளைக் குமிழோடு.

தலைமுடி.

வேரோடு கழன்ற தலைமுடி. அதன் நடுவே, குழைந்த சோப்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு கட்டைவிரல் நகம். சிவப்புச் சாயம் இன்னும் பாதி இருந்தது.

அவள் கையை உதறினாள். கை விடுபடவில்லை, அந்தப் பிசுக்கு இழுத்துப் பிடித்தது. தடுமாறி இன்னொரு கையை சீட்டின் மேல் ஊன்றினாள்.

சீட் சூடாக இருந்தது.

எஞ்சின் நேற்று ஓடியது. இன்று யாரும் தொடவில்லை.

அவள் உள்ளங்கைக்கு அடியில் அது மெல்ல மேலே எழும்பியது. மெல்ல இறங்கியது. மறுபடி எழும்பியது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சீட்டக்கா வேலை செய்யும் இடத்தில் வாந்தி எடுத்தாள். கொட்டகையின் மூலையில், ஒரு பழைய டயருக்குள், வயிறு வெளியே வந்துவிடும்போல எடுத்தாள்.

டீச்சர் டீயோடு வரும் காலடி கேட்டது. அவள் என்ன செய்தாள் என்றால், அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் நொந்துகொண்டது இதற்காகத்தான், உரித்துப் போட்ட கறுப்பு உறையைத் தூக்கி சீட்டின் மேல் விரித்து, நாலு பக்கமும் இழுத்துச் செருகிவிட்டாள். பார்த்தால் பிரிக்கவே இல்லை என்று தோன்றும். கணவர் தன்னை எப்படி வைத்துக் காப்பாற்றினார் என்று சற்று முன்தான் ஒரு மனுஷி வாயாரச் சொல்லி முடித்திருக்கிறார். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? பசை கொண்டுவர மறந்துவிட்டேன், போய் வந்துவிடுகிறேன் என்று ஏதோ உளறினாள். டீ டம்ளரை வாங்கினாள். தன் விரலிடுக்கைப் பார்த்தாள். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நேராக வெல்டரிடம் போனாள்.

எழுபதைத் தாண்டியவர். கண்ணாடி முகமூடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவள் கையை நீட்டிக் காட்டியதை ஒரு நிமிடம் பார்த்தார். என்ன வாடை என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் சொன்னார். லேத்துக்காரருக்கு டீச்சருக்கு முன்னால் ஒரு மனைவி இருந்தாள். ஜுரத்தில் போய்விட்டாள் என்றுதான் டீச்சர் வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். ஜுரம் இல்லை. ஒரு நாள் இருவருக்கும் பெரிய சண்டை. இவர் கோபத்தில் காரை எடுத்தார். அவள் முன்னால் உட்கார மாட்டேன் என்று பின்சீட்டில், இடது பக்கம் உட்கார்ந்தாள். ஏரிக்கரையில், படகு இறக்கும் சரிவில், கார் தண்ணீருக்குள் போயிற்று. இவர் நீந்தி வெளியே வந்துவிட்டார். இருபத்தாறு நாள் கழித்துத் தண்ணீர் வற்றிய பிறகுதான் காரை இழுத்தார்கள். எடுக்க முடிந்ததை எடுத்து அடக்கம் செய்தார்கள். எடுக்க முடியாதது சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காரை அவர் கொடுக்கவில்லை. அறுத்து, முன்பாதியை எறிந்துவிட்டு, அந்தப் பின்பாதியை மட்டும் வைத்து வண்டி கட்டினார்.

"கழுவிடலாம்யான்னு சொன்னேன். கழுவினா போயிடுவாள்னான். மூக்குல துணியக் கட்டிக்கிட்டுத்தான் வெல்டு வச்சேன்" என்றார் கிழவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்புறம் அவன் ரெண்டாவதா கட்டிக்கிட்டப்போ, அந்தப் பொண்ணு அதுமேல உக்காந்து என் பட்டறைப் பக்கம் போகும். கையக் காட்டும். நான் உள்ள போயிடுவேன்" என்றார்.

சீட்டக்கா ஸ்கூட்டரைத் திருப்பினாள். என்னவானாலும் டீச்சரிடம் சொல்லிவிடுவது, சொல்லிவிட்டு அந்தச் சனியனைக் கொளுத்திவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே வந்தாள்.

கொட்டகை திறந்து கிடந்தது. உள்ளே வண்டி இல்லை.

வாசல் சேற்றில் மூன்று சக்கரத் தடம். மகள் எழுந்து வந்து, சாவி கையில் இருக்கிறது, சீட்டும் பிரிக்காமல்தான் இருக்கிறது, அம்மாவை வைத்து ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று கிளம்பியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிரிக்காத மாதிரி மூடி வைத்தது யார்?

மூன்று தடத்துக்கு நடுவே நாலாவதாக ஒரு கோடு போயிற்று. சொட்டுச் சொட்டாக, வெளுப்பாக, மழைத்தண்ணீரில் கலக்காமல் மிதந்துகொண்டு. சீட்டக்காவுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. சொட்டைப் பார்த்தபடி, சொட்டு தெரியாத இடத்தில் வாடையை மோந்தபடி, ஸ்கூட்டரை முறுக்கினாள். கடைத்தெரு தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி, சொட்டுகள் ஏரிக்கரைக்குத் திரும்பின.

படகு இறக்கும் சரிவில் வண்டி நின்றிருந்தது. நிற்கிறது என்றுதான் தூரத்திலிருந்து தோன்றியது.

கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் ஓடவில்லை. மகள் இறங்கி, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, தன் முழு பலத்தோடு பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். சாவி அவள் பல்லிடுக்கில் இருந்தது. முன்சக்கரம் ஏற்கெனவே தண்ணீருக்குள். வண்டி விரற்கடை விரற்கடையாக நகர்ந்துகொண்டிருந்தது.

பின்சீட்டில், இடது பக்கம், டீச்சர்.

நேராக உட்கார்ந்திருந்தார். கூச்சல் இல்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வயிற்றுக்கு மேலே அவருடைய உடை ஒரு சுற்றாக உள்ளே அமுங்கியிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இறுக்கிப் பிடித்தால் துணி எப்படி அமுங்கும், அப்படி. கை எதுவும் இல்லை. மடிப்பு மட்டும் இருந்தது. மடிப்பிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.

"எந்திரிக்க முடியலம்மா" என்று டீச்சர் கிசுகிசுத்தார், வகுப்பில் பரீட்சை நடக்கும்போது பேசுவதுபோல. "யாரோ மடியில வச்சிப் புடிச்சிருக்க மாதிரி இருக்கு."

சீட்டக்கா கருவிப் பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, டீச்சருக்கும் சீட்டுக்கும் இடையே கையை விட்டாள்.

உள்ளே முடி.

கறுப்பு உறையைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. ஒவ்வொரு இழையும் டீச்சரின் உடையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தைத்திருந்தது. நெருக்க நெருக்கமான தையல். அவள் வெட்டினாள். ஈரப்புல்லை அறுக்கும் சத்தம் வந்தது. இரண்டு வெட்டுக்கு ஒருதரம் கத்தரிக்கோல் பிசுக்கில் ஒட்டிக்கொண்டது. பிரித்து மறுபடி வெட்டினாள். வாயால் மூச்சு விட்டாள், வாடை நாக்கில் படிந்தது, துப்பிவிட்டு வெட்டினாள். தண்ணீர் டீச்சரின் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

கடைசிக் கற்றையை வெட்டும்போது அவள் மணிக்கட்டை ஏதோ பற்றியது.

மெத்தென்று. குளிர்ந்து. விரல்கள் என்று எண்ணலாம், ஆனால் அழுத்த அழுத்த உருவம் கலைந்து குழைந்தன.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள்.

டீச்சர் அவள் மேல் சரிந்து விழுந்தார். மகள் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்துக் கரையில் போட்டாள். வண்டி அதற்கப்புறம் நகரவில்லை. பாதி தண்ணீரில், யாரையோ இறக்கிவிட்டுக் காத்திருப்பதுபோல, அப்படியே நின்றது.

மகள் அம்மாவின் முதுகுப் பக்கம் மோந்து பார்த்தாள். நர்ஸ் அல்லவா, அந்த வாடை அவளுக்குத் தெரிந்திருந்தது. "தண்ணில கெடந்த பொணம்" என்று மட்டும் சொன்னாள், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

சீட்டக்கா அங்கேயே, ஈரமண்ணில் உட்கார்ந்தபடி, ஒன்று விடாமல் சொன்னாள். தான் மூடி மறைத்ததையும் சொன்னாள். டீச்சர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தாள்? இருபத்தாறு என்றாள். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஓட்டும்போது கண்ணாடில அடிக்கடி பாப்பாரு. பாத்துச் சிரிப்பாரு. முப்பத்தோரு வருஷமா, என்னப் பாத்துதான்னு நெனச்சேன்."

அதற்கப்புறம்தான் அவருக்கு வாந்தி வந்தது.

அடுத்த நாள் வெல்டர் தானாகவே வந்தார். கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்து, தான் வைத்த வெல்டைத் தானே அறுத்தார். செங்கல் சூளையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரும்பு சிவந்து வளைந்த பிறகும் அந்தச் சீட் எரியாமல் பொரிந்துகொண்டிருந்தது, கொழுப்பு உருகும் வாடையோடு. சூளைக்காரர்கள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒருவழியாகச் சாம்பலாயிற்று. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மகள் வாடகைக் காரில் போனாள், முன்சீட்டில் உட்கார்ந்து.

டீச்சர் வீட்டிலிருந்த கணவரின் படங்களை எடுத்துவிட்டார் என்று கேள்வி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளிக்கிறார் என்றும் சொன்னார்கள். சீட்டக்காவுக்கு அது புரிந்தது. அவளுக்கே மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் கழன்றிருந்தது. வேலையை விட முடியாதே. கையுறை போட்டுக்கொண்டு தைக்கப் பழகிக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து ஒரு பகலில் டீச்சர் அவள் கடைக்கு வந்தார். நல்ல வெயில். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் தெளிவு இருந்தது. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்ல வந்திருந்தார். படையும் அறவே போய்விட்டது, தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார்.

கடையில் ஒரு வக்கீல் வீட்டுக்காகப் புதுசாகத் தைத்து முடித்த சோபா இருந்தது. வெளிர்மஞ்சள் ரெக்சின், உள்ளே முதல்தரமான ஃபோம். கையை வைத்து எடுத்தால் கண்ணிமைப்பதற்குள் எழும்பிவிடும். உட்காருங்கள் டீச்சர் என்றாள். டீச்சர் விளிம்பில், கீழே விழுந்துவிடுவார்போல ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். இப்போதெல்லாம் எங்கே போனாலும் இப்படித்தான் என்றார் கூச்சத்தோடு, முழுசாகச் சாய்ந்து உட்கார மனசு வருவதில்லை. கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த விளிம்பு உடனே எழும்பிவிட்டது.

விளிம்புக்குப் பின்னால், சாய்மானத்தை ஒட்டி, அவர் உட்காரவே செய்யாத இடத்தில், ஒரு பள்ளம் இருந்தது. அகன்ற இரண்டு தொடைகள் அளவுக்கு.

சீட்டக்கா ஒரு அடி பின்வாங்கினாள்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேம்மா என்று வாசற்படியில் இறங்கினார். பள்ளம் மெல்ல முன்னால் நகர்ந்தது. கனமான ஒருத்தி சோபாவிலிருந்து எழுந்திருக்கும்போது எப்படி அசைந்து அசைந்து விளிம்புக்கு வருவாளோ, அப்படி. விளிம்பு ஒரு கணம் ஆழமாக அமுங்கியது.

பிறகு ஃபோம் எழும்பிக்கொண்டது. மஞ்சள் ரெக்சினில் பிசுக்கு மினுங்கியது.

வெளியே, காய்ந்து கிடந்த தெருவில், டீச்சர் நிமிர்ந்து நடந்துபோய்க்கொண்டிருந்தார். அவர் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஈரம் கறுத்துப் பரவ ஆரம்பித்தது.